முதலில் சுண்ணாம்பைப் பற்றிக் கேளுங்கள்

கேள்வி: டிசம்பர் கடைசியில் நானும் கணவரும் மெக்சிகோ செல்கிறோம். வஹாகா நகரில் நான்கு நாள் தங்குவோம். அங்கே பாரம்பரியச் சமையல் வகுப்பு ஒன்றில் சேர ஆசை. தேடிப் பார்த்தால் எல்லா வகுப்பும் 'பாரம்பரியம்' என்றே சொல்லிக்கொள்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது? நாங்கள் சைவம், பால், நெய் உண்டு. ஸ்பானிய மொழி தெரியாது. (கோவை வாசகி)

பதில்: மெக்சிகோவின் பாரம்பரியச் சமையலை 2010-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்தச் சொல் இன்று எல்லாப் பலகையிலும் தொங்குகிறது. அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. வகுப்பு நடத்துபவரிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள்: தோர்த்தியா என்கிற மக்காச்சோள ரொட்டிக்கான மாவு நிஷ்டமாலில் அரைத்ததா, பொட்டலத்தில் வந்ததா? அவர்கள் மொழியில் "கோன் நிஷ்டமால் ஓ கோன் அரினா தே மாயிஸ்?" என்றால் போதும். பொட்டலம் என்று பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த வகுப்பைப் பாருங்கள்.

நிஷ்டமால் என்பது சுண்ணாம்பு நீரில் வேகவைத்த மக்காச்சோளம். நாம் வெற்றிலையில் தடவுகிற அதே சுண்ணாம்புதான். ஒரு கிலோ காய்ந்த சோளத்துக்குச் சுமார் 10 கிராம் போட்டு, தோல் விரலில் வழுக்கிக் கழலும்வரை வேகவிட்டு, இரவு முழுவதும் அதிலேயே ஊறவிடுவார்கள். காலையில் அலசி அரைத்தால் மாசா என்கிற மாவு கிடைக்கும். பிசைந்தால் களிமண்போல் இணங்கும். வெறும் சோளமாவில் அந்த இணக்கம் வராது, தட்டும்போதே விளிம்பு வெடித்துவிடும். சோளத்தில் பூட்டிக் கிடக்கும் நியாசின் என்ற வைட்டமினும் சுண்ணாம்பு பட்டால்தான் உடலில் சேரும். சோளத்தைக் கப்பலேற்றிக் கொண்டுபோன ஐரோப்பியர்கள் சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள்; சோளக் களியே உணவாகிப்போன வட இத்தாலிய ஏழைகள் நியாசின் குறைவால் வரும் பெலாக்ரா நோயில் விழுந்தார்கள்.

ஆகவே நல்ல வகுப்பு என்பது முந்தின இரவே அடுப்பில் தொடங்கிவிடுகிறது. போனதும் அந்தப் பானையைக் காட்டச் சொல்லுங்கள். அலசிய சோளத்தை வாளியில் தூக்கிக்கொண்டு தெருமுனை அரைவை மில்லுக்கு உங்களையும் கூட்டிப்போகிறார்கள் என்றால் உங்களுக்கு யோகம். வீட்டிலேயே அரைத்தால் மெத்தாத்தே இருக்கும். மூன்று கால் வைத்து, முன்பக்கம் சரிந்த எரிமலைக் கல் அம்மி. மண்டியிட்டு, இரு கைகளாலும் குழவியை முன்னே தள்ள வேண்டும். அம்மி பழகிய கைக்குப் பத்து நிமிடத்தில் வசப்படும், முழங்கால்தான் முனகும்.

நான் முதன்முதலில் சேர்ந்த வகுப்பின் பெயர் வேண்டாம். மூன்று மணி நேரத்தில் ஆறு பண்டம். மாவு பொட்டலத்தில் வந்தது, மோலே என்கிற குழம்பு டப்பாவில் வந்தது, நான் கிளறினேன். புகைப்படங்கள் மட்டும் நன்றாக வந்தன. பண்டங்களின் எண்ணிக்கையைப் பெருமையாகப் பேசும் வகுப்பை அன்றிலிருந்து நான் நம்புவதில்லை. ஒரு மோலே, ஒரு சல்சா, தோர்த்தியா: அரை நாளுக்கு இதுவே நிறைய.

வஹாகா போய் மோலே கற்காமல் திரும்பக் கூடாது. அஸ்டெக்குகளின் நவாட்டில் மொழியில் 'மோல்லி' என்றால் குழம்பு, அவ்வளவுதான். மிளகாய் அவர்கள் மண்ணின் பயிர், போர்த்துகீசியர் வழியாக நம்மிடம் வந்தது. எனவே வறுப்பதில் நம் வீட்டுப் பழக்கத்தைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். ஆஞ்சோ, குவாஹியோ போன்ற வற்றல்களை விதை நீக்கி, கோமால் என்கிற மண் தோசைக்கல்லில் சில வினாடிகள் காட்டினால் போதும். சாம்பார்ப் பொடிக்கு வறுப்பதுபோல் நின்றால் கசந்துவிடும். மோலே நேக்ரோ என்கிற கறுப்பு மோலே மட்டும் நேர் எதிர். அதில் சில்வாக்லே மிளகாயை வேண்டுமென்றே கருக்குவார்கள், தோர்த்தியாவையும் கருக்குவார்கள், பிறகு எள், பாதாம், சாக்லேட் எல்லாம் சேரும். அந்த எல்லைக்கோட்டை எந்தக் குறிப்பும் சொல்லித்தராது. பக்கத்தில் நின்று மூக்கால் பிடிக்க வேண்டும்.

இனி சைவம். "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால், இறைச்சித் துண்டுகளை எடுத்துவிட்டு மற்றதை அப்படியே வைப்பார்கள். மற்றதில்தான் சிக்கல். பீன்ஸைத் தாளிப்பதும், ஆவியில் வேகவைக்கும் தமாலேக்கு மாவு பிசைவதும் பெரும்பாலும் மந்தேகாவில். அது பன்றிக் கொழுப்பு. மோலேயையும் சோற்றையும் கோழிச் சாறு ஊற்றி இளக்குவார்கள். மெமேலா, த்லாயூதா என்கிற சோள ரொட்டிகள் மேல் பூசும் பழுப்பு நிற அசியெந்தோவும் பன்றிக் கொழுப்பின் அடிக்கசடுதான். கெசியோ என்னும் நூல் பாலாடைக்கட்டியை உறையவைக்கக் கன்றின் இரைப்பை நொதியைச் சேர்ப்பது வழக்கம். உங்கள் சைவம் அந்த அளவுக்குப் போகுமானால் அதையும் கேளுங்கள். முன்பதிவின்போதே "சின் மந்தேகா, சின் கால்தோ தே போயோ" என்று எழுதிவிடுங்கள்: கொழுப்பு இல்லாமல், கோழிச் சாறு இல்லாமல். எண்ணெயும் காய்கறிச் சாறும் வைத்து மோலே அருமையாக வரும். சந்தையில் குவித்து வைத்திருக்கும் செம்பழுப்பு வறுவல் வெட்டுக்கிளி என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

மொழி பெரிய தடையில்லை. நகரத்தில் ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்புகள் பல. தெயோதித்லான் தெல் வாயே போன்ற, சாப்போதெக் என்னும் பழங்குடி மக்களின் கிராமங்களில் சமைப்பவருக்கே ஸ்பானியம் இரண்டாம் மொழி, கைதான் பேசும். சந்தையோடு சேர்ந்த வகுப்பானால் ஞாயிற்றுக்கிழமை த்லாகோலூலா சந்தைக்குப் போவதைத் தேர்ந்தெடுங்கள். டிசம்பர் 23 அன்று நகரச் சதுக்கத்தில் முள்ளங்கிச் சிற்ப விழா நடக்கும், ஊர் நிறைந்துவிடும், இப்போதே பதிந்துவிடுங்கள். காலையில் லேசாகச் சாப்பிட்டுப் போங்கள். அவர்களுடைய பெரிய சாப்பாடு பிற்பகல் இரண்டு மணிக்கு மேல்; சமைத்ததை எல்லாம் உட்கார்ந்து தின்றாக வேண்டும்.

திரும்பும்போது மோலே விழுது வாங்கினால் கைப்பையில் வைக்காதீர்கள். விமான நிலையத்தில் அதைத் திரவக் கணக்கில் பிடுங்கிவிடுவார்கள். சோள விதை வேண்டாம், நம் நாட்டில் தாவரத் தனிமைப்படுத்தல் விதி தடுக்கும். ஊரில் கிடைக்கும் காய்ந்த மக்காச்சோளமே போதும். அலுமினியத்தைத் தவிர்த்து எவர்சில்வர் பாத்திரத்தில் வேகவைத்து, கிரைண்டரில் தண்ணீர் தெளித்துத் தெளித்து அரையுங்கள். இட்லி மாவுபோல் இளகினால் தோர்த்தியா வராது. சுண்ணாம்பையும் அங்கிருந்து சுமக்காதீர்கள். மெக்சிகோவிலிருந்து வெள்ளைப் பொடியோடு வந்திறங்கினால் சுங்க அதிகாரிக்குப் பதில் சொல்லி மாளாது. சாப்பிடத் தகுந்த சுண்ணாம்பு கோவையிலேயே கிடைக்கும்.