“புரியவில்லை” என்று மட்டும் எழுதாதீர்கள்

கேள்வி: வேலைக்குப் போய்க்கொண்டே ஆன்லைனில் பட்டப்படிப்பு படிக்கிறேன். புள்ளியியலில் திணறுகிறேன். இரண்டு அசைன்மென்ட் விட்டுப்போய்விட்டது. ஆசிரியருக்கு மெயில் போட்டால், ‘3ஆம் பாடத்தை மறுபடி படியுங்கள்’ என்று ஒரே வரியில் பதில். சந்தேகம் கேட்கப் பக்கத்தில் யாரும் இல்லை. யாரிடம் போவது?

பதில்: வகுப்பறை என்றால் உங்கள் முகத்தைப் பார்த்தே ஆசிரியர் தெரிந்துகொள்வார். ஆன்லைனில் நீங்கள் எழுதி அனுப்புவதுதான் அவர் கண்ணில் படும். ஆகவே அந்த மெயிலிலிருந்தே தொடங்குவோம்.

‘திட்ட விலக்கம் புரியவில்லை’ (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதற்கான அளவு அது) என்று எழுதினால் எந்தப் படியில் இடறினீர்கள் என்று அவருக்குத் தெரியாது. இப்படி எழுதிப் பாருங்கள்: “2ஆம் பயிற்சி, 4ஆம் கணக்கு. எண்கள் 4, 6, 8, 10, 12. சராசரி 8, விலக்கங்களின் வர்க்கக் கூடுதல் 40. அதை 4ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தேன், 3.16 வந்தது. விடையில் 2.83 என்று இருக்கிறது. எங்கே தவறினேன்?” இதைப் பார்த்ததுமே, ‘இந்த எண்கள் பெரிய கூட்டத்திலிருந்து எடுத்த மாதிரி (சாம்பிள்) அல்ல, முழுத் தொகுதி; அதனால் 4ஆல் அல்ல, 5ஆல் வகுக்க வேண்டும்’ என்று சொல்லிவிடுவார். உங்களுக்கும் முடிச்சு அவிழ்ந்துவிடும். தலைப்பில் பாடத்தின் பெயர், பிரிவு, கணக்கு எண் மூன்றும் இருக்கட்டும். கல்லூரி கொடுத்த முகவரியிலிருந்தே அனுப்புங்கள். சொந்த மெயிலிலிருந்து போனால் ஸ்பாமில் விழக்கூடும். இரண்டு வேலை நாள் பார்த்தும் பதில் இல்லையென்றால் அதே மெயிலின் கீழேயே நினைவூட்டுங்கள். ஆசிரியர் நேரலையில் சந்தேகம் தீர்க்கும் நேரம் பெரும்பாலும் பாடத்திட்டத்தின் முதல் பக்கங்களில் இருக்கும். பலர் அதைத் திறந்தே பார்ப்பதில்லை என்பதுதான் வருத்தம்.

விட்டுப்போன அசைன்மென்ட் விஷயம் இதைவிட அவசரம். ஆசிரியரிடமும் கல்வி ஆலோசகரிடமும் ஒரே நாளில் பேசுங்கள். தாமதமாக ஏற்பார்களா, எத்தனை மதிப்பெண் குறையும், தேர்ச்சி பெற இன்னும் எவ்வளவு வேண்டும், பாடத்தை விட்டு விலகக் கடைசித் தேதி எது என்று நான்கையும் கேளுங்கள். அந்தத் தேதி தாண்டிவிட்டால் ஆலோசகர் மனது வைத்தாலும் செய்வதற்கு அதிகம் இராது. இனி அவகாசம் வேண்டுமானால் கெடு முடிவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

ஃபைல் ஏறவில்லை, தளம் திறக்கவில்லை என்பதையெல்லாம் ஆசிரியரிடம் கொண்டுபோகாதீர்கள். அதற்குத் தொழில்நுட்ப உதவிப் பிரிவு இருக்கிறது. பிழைச் செய்தியும் கணினியின் கடிகாரமும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பி, புகார் எண்ணை வாங்கி வையுங்கள். கெடு தவறினால் அதுதான் சாட்சி. ‘டிராஃப்ட்’ ஆகச் சேமித்துவிட்டுச் சமர்ப்பித்ததாக நினைப்பவர்கள் ஏராளம். உறுதிச் செய்தி வந்ததா என்று பார்க்காமல் தளத்தை மூடாதீர்கள். கெடு நேரம் எந்த ஊர் நேரப்படி என்பதையும் கவனியுங்கள்.

கட்டுரைகளுக்கு ஆதாரம் தேட நூலகர்களிடம் சாட்டிலேயே கேட்கலாம். பல கல்லூரிகளில் இந்த வசதி உண்டு.

பக்கத்தில் யாரும் இல்லை என்கிறீர்கள். பாடத்தின் கலந்துரையாடல் பகுதியில் உங்களைப் போலவே கேள்வி கேட்டிருக்கும் இரண்டு மூன்று பேருக்கு எழுதுங்கள். வாரம் ஒருநாள், 45 நிமிடம், வீடியோவில், ஒருவர் கணக்குப் போட மற்றவர்கள் கேள்வி கேட்கட்டும். கூட்டம் ஐந்து பேரைத் தாண்டினால் பேசாமல் இருப்பவர்கள் தானாகவே ஒதுங்கிவிடுவார்கள்.

தூக்கம் கெட்டு, தளத்தைத் திறக்கவே மனம் வராத நாட்கள் தொடர்ந்தால் கல்லூரியின் மனநல ஆலோசகரை அணுகத் தயங்காதீர்கள். ஆன்லைன் மாணவர்களுக்கும் அந்த உதவி உண்டா என்று மாணவர் சேவைப் பிரிவில் கேளுங்கள். ஆனால் இன்று இரவே, அந்த இரண்டு அசைன்மென்ட் பற்றிய மெயில் போய்விட வேண்டும்.