எல்லநள்ளி ஏற்றத்தில் வருவது வாயு இல்லை

சைக்கிள் ஓட்டுவதால் வரும் தொல்லைகளைப் பற்றி எனக்கு எழுதிய கடிதத்தில் சுண்டுவிரல் மரத்துப்போவது, முழங்கால் வலி, வாட்ச் காட்டிய 171 துடிப்பு, சைக்கிள் சீட்டால் ஆண்மை போய்விடுமா என்ற சந்தேகம் என எல்லாவற்றுக்கும் ஆளுக்கொரு பத்தி ஒதுக்கியிருக்கிறீர்கள். நடுவில் ஒரே ஒரு வரி: "குன்னூரிலிருந்து ஊட்டி போகும்போது எல்லநள்ளி ஏற்றத்தில் நெஞ்சு இறுக்கும். செயினைச் சரிசெய்வதுபோல் குனிந்து நின்றால் இரண்டு மூன்று நிமிடத்தில் சரியாகிவிடும். வாயுதான், மாத்திரை போட்டுக்கொள்கிறேன்."

எனக்கு அந்த வரி போதும்.

வாயுவுக்கு ஏற்றம் இறக்கம் தெரியாது. ஏறும்போது வந்து, நின்றால் போகிற இறுக்கம் இதயத்துக்கு ரத்தம் போதவில்லை என்பதன் அடையாளமாக இருக்கலாம். இல்லை என்று நிரூபணம் ஆகும்வரை அப்படித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அதுவும் 52 வயது, சர்க்கரை, அப்பாவுக்கு பைபாஸ் என்று நீங்களே எழுதியிருக்கும்போது! இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய் சுருங்கியிருந்தாலும் சும்மா உட்கார்ந்திருக்கையில் ரத்தம் போதும். மேட்டில் மிதிக்கும்போது போதாது. விடிகாலைக் குளிரும், வயிறு நிறையத் தின்ற டிபனும் அதை இன்னும் சீக்கிரம் வரவழைக்கும்.

"உயரத்தால் வரும் நோய்" என்று இணையத்தில் படித்ததை விட்டுவிடுங்கள். அது பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேலே புதிதாக ஏறுபவர்களுக்கு வருவது. ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர், நீங்களோ குன்னூரிலேயே வளர்ந்தவர். மலைமேல் பழி போடாதீர்கள்.

போன மாதம் எடுத்த இசிஜி நார்மல் என்கிறீர்கள். படுத்துக்கொண்டு எடுத்த இசிஜி நார்மலாக இருப்பதால் ஏற்றத்தில் வரும் இறுக்கத்துக்கு விடை கிடைத்துவிடாது. இந்த வாரமே இதய மருத்துவரைப் பாருங்கள். ட்ரெட்மில்லா, எக்கோவா, ஆஞ்சியோகிராமா என்று அவர் முடிவு செய்யட்டும். லேபில் நீங்களாகவே போய் எடுத்துக்கொண்டு வராதீர்கள். அதுவரை சைக்கிள் வீட்டில் இருக்கட்டும்.

உங்கள் சைக்கிள் குழுவில் ஒருவர் நாக்கடியில் வைக்கத் தன் நெஞ்சுவலி மாத்திரையான சார்பிட்ரேட்டைக் கொடுத்தாராமே. நல்ல மனசு, மோசமான மருத்துவம். அது ரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்கும். அடுத்த கொண்டை ஊசி வளைவில் தலைசுற்றினால் என்ன ஆகும்? ஆண்மைக்கான மாத்திரை போட்டிருந்தால் ஆபத்து இன்னும் பெரிது.

இறுக்கம் சும்மா இருக்கும்போதே வந்தாலோ, முன்பைவிடக் குறைந்த உழைப்பிலேயே வந்தாலோ, நின்றும் பத்து நிமிடத்தில் அடங்காவிட்டாலோ, வியர்த்துக் கொட்டினாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே தெரியாமல் வெறும் மூச்சுத்திணறலாகவும் வரலாம். கூட வரும் ஒருவரிடமாவது இதைச் சொல்லி வையுங்கள். கடைசி ஆளுக்காக டீக்கடையில் காத்திருக்கிற நண்பர்கள்தானே, அவர்களிடம் ஏன் செயின் நாடகம்?

சைக்கிளை விடச் சொல்லிவிடுவேனோ என்று பயந்துதான் அந்த வரியை நடுவில் ஒளித்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அடைப்பே இருந்தாலும் சிகிச்சை முடிந்து, மருத்துவர் சரி என்ற பிறகு மறுபடி மிதிப்பவர்கள் நிறையப் பேர். விடாதீர்கள், நிறுத்தி வையுங்கள்.

மற்றவை சின்ன விஷயங்கள். ஹேண்டில்பாரில் உள்ளங்கை அழுந்தி நரம்பு நசுங்குவதால் விரல் மரக்கிறது. பிடியை அடிக்கடி மாற்றுங்கள், பஞ்சு வைத்த கையுறை போடுங்கள். முழங்காலுக்கு முதலில் சீட் உயரத்தைப் பாருங்கள்: பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். கையில் கட்டும் வாட்ச் குளிரிலும் குலுக்கலிலும் தப்பாகக் காட்டும், அந்த 171-ஐ நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள்.

சீட்டில் மரத்துப்போவது அவ்வப்போது எழுந்து நின்று மிதித்தால் போய்விடும். போகவில்லை என்றால் சீட்டை மாற்றுங்கள். ஆனால் ஆண்மையில் உண்மையிலேயே குறை தெரிகிறதென்றால் நான் சீட்டைச் சந்தேகிக்க மாட்டேன், ரத்தக்குழாயைத்தான் சந்தேகிப்பேன். அதையும் அதே இதய மருத்துவரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.