தகடு, கட்டி, கயிறு: அழுத்திய புகையிலை பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் தாத்தா இங்குள்ள பஞ்சாலையில் எழுத்தராக இருந்தவர். அவருடைய பெட்டியில், வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் கொடுத்ததாகச் சொல்லப்படும் தட்டையான தகர டப்பா ஒன்று கிடைத்தது. உள்ளே தூளாக இல்லாமல் மெல்லிய பழுப்புத் தகடுகளாக ஏதோ இருக்கிறது. மேலே வெள்ளைப் புள்ளிகளும் உள்ளன. இது புகையிலைதானா?
– வாசகர், விக்கிரமசிங்கபுரம்

பதில்: புகையிலைதான். சுங்கானில், அதாவது பைப்பில், இட்டுப் புகைப்பதற்கென்று செய்த ‘ஃபிளேக்’ என்னும் வகை அது. ஹார்வி சகோதரர்கள் 1880-களில் பாபநாசத்தில் ஆலை நிறுவிய பிறகு அங்கே வந்து தங்கிய பிரிட்டிஷ் அதிகாரிகளுக்கு இத்தகைய டப்பாக்கள் பழக்கமானவை. பிரிஸ்டல் நகரத்து வில்ஸ் நிறுவனத்தின் ‘கேப்ஸ்டன் நேவி கட்’ அவற்றுள் பேர் பெற்றது.

உலர்த்திய இலையின் நடுக்காம்பை உருவிவிட்டு, இலையில் ஈரம் ஏற்றி, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, அச்சில் இட்டுச் சில மணி நேரம் முதல் பல நாட்கள் வரை அழுத்துகிறார்கள்; பெரும்பாலும் சூடும் ஏற்றுவார்கள். இடத்தைக் குறைப்பது மட்டும் இதன் நோக்கமன்று. அழுத்தத்தில் இலை நசுங்கி, அதன் சாறும் சர்க்கரையும் ஓர் இலையிலிருந்து மற்றோர் இலைக்கு ஊறிக் கலப்பதால், நிறம் கருத்து, நெடியின் முரட்டுத்தனம் அடங்கி, பல இலைகளின் மணம் ஒரே மணமாகிறது. சர்க்கரை மிகுந்த வர்ஜீனியா இலையில் இந்த மாற்றம் நன்றாகத் தெரியும். சர்க்கரை குறைந்த பர்லி இலைக்குப் பல நேரங்களில் இனிப்புப் பாகைச் சேர்த்து அழுத்துகிறார்கள்.

அச்சிலிருந்து எடுத்த கட்டியை அப்படியே விற்றால் அதற்குப் ‘பிளக்’ என்று பெயர். வாங்கியவர் கத்தியால் சீவிக்கொள்ள வேண்டும். ஆலையிலேயே சீவித் தகடாக்கினால் அது ஃபிளேக். அந்தத் தகட்டை உதிர்த்துப் பொதிந்து விற்றால் ‘ரெடி ரப்டு’. ஆக, இம்மூன்றும் ஒரே சரக்கின் மூன்று நிலைகளே. நான்காவதாகச் சொல்லப்படும் ‘கிரம்பிள் கேக்’ மட்டும் வேறு வழியில் பிறப்பது. அதில் இலையை முதலில் நறுக்கிவிட்டு, நறுக்கியதையே அழுத்துகிறார்கள். எனவே ஒன்றை இன்ன வகை என்று அறிய, முதலில் வெட்டினார்களா, முதலில் அழுத்தினார்களா என்று பார்த்தாலே பெரும்பாலும் போதும்.

தங்கள் டப்பாவில் உள்ள ஒரு தகட்டை எடுத்து, அதன் ஓரத்தை வெளிச்சத்தில் பாருங்கள். அடுக்கி வைத்த பத்தமடைப் பாய்களின் ஓரம் போல, வெளிறியதும் கருத்ததுமாக நீளக் கோடுகள் வரிசையாக ஓடினால் அது முழு இலையை அழுத்திச் சீவியது. கோடுகள் இன்றித் துண்டு துணுக்குகள் பல திசைகளிலும் கிடந்து, விரல் பட்டதும் பொலபொலவென உதிர்ந்தால் அது நறுக்கிய பின் அழுத்தியது.

வெள்ளைப் புள்ளிகளைப் பற்றி அவசரப்பட வேண்டாம். மூடி இறுகியிருந்த பழைய ஃபிளேக்கில், இலைக்குள் இருந்த பொருள்களே நாளடைவில் படிகமாகி மேலே தோன்றுவதுண்டு. வெளிச்சத்தில் திருப்பினால் அவை மின்னும். பஞ்சு போலப் புசுபுசுவென்று எழும்பி, ஈர மூட்டையின் நாற்றம் அடித்தால் அது பூஞ்சணம், உள்ளிருப்பதைக் கொட்டிவிடுங்கள். எப்படியானாலும் டப்பாவை எறிந்துவிடாதீர்கள். நம் வட்டாரத்து ஆலை வாழ்க்கையின் இத்தகைய சிறு சான்றுகள் கேட்பாரற்று அழிந்துகொண்டிருக்கின்றன.

கேள்வி: கயிறாகத் திரித்த புகையிலையும் வட்ட வில்லைகளாக வரும் புகையிலையும் அழுத்தியவைதாமா?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: ஆம், அங்கே அச்சுக்குப் பதிலாக முறுக்கே அழுத்தம் தருகிறது. பழங்காலக் கப்பலோட்டிகள் இலையை ரம் தெளித்துச் சுருட்டி, கித்தான் துணியில் பொதிந்து, கயிற்றால் இறுகக் கட்டிவைத்துத் தேவைப்படும்போது சீவிப் புகைத்தார்கள். இங்கிலாந்தின் கெண்டல் ஊர் கயிற்றுப் புகையிலைக்குப் பேர் போனது. அங்கே இலையை நீளமாகத் திரித்துச் சுற்றி, கருநிற வகைக்குச் சூட்டில் வைத்து அழுத்துவார்கள். கயிற்றைக் குறுக்கே சீவினால் கிடைப்பவையே வில்லைகள். ‘த்ரீ நன்ஸ்’ என்னும் பைப் புகையிலை அந்த வடிவத்தாலேயே புகழ்பெற்றது.

உதிரியாகக் காண்பதெல்லாம் அழுத்தாதது என்றும் எண்ணிவிடக் கூடாது. கேவன்டிஷ் என்னும் வகையை ஆவியில் வேகவைத்து, அழுத்தி, பிறகுதான் நறுக்குகிறார்கள். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் செயின்ட் ஜேம்ஸ் வட்டாரத்துப் ‘பெரிக்’ புகையிலையோ மரப் பீப்பாயில் திருகு அழுத்தத்தின் கீழ், தன் சாற்றிலேயே ஏறத்தாழ ஓராண்டு ஊறுகிறது.

கேள்வி: அழுத்திப் பதப்படுத்தியதால் தீங்கு குறையுமா?
– வாசகர், தென்காசி

பதில்: குறையாது. மணம் மென்மையாவதால் நஞ்சு மென்மையாவதில்லை. புகையை உள்ளிழுக்காதவருக்கும் உதடு, வாய், தொண்டைப் புற்றுநோய் வரும் ஆபத்தைப் பைப் கூட்டுகிறது. வடிவங்களைத் தெரிந்துகொள்வதற்காகப் புகைத்துப் பார்க்கத் தேவையில்லை; கண்ணும் மூக்கும் போதும்.

கேள்வி: நாங்கள் சுளகில் வைத்துச் சுற்றும் பீடித் தூளை ஏன் இப்படி அழுத்துவதில்லை?
– வாசகி, முக்கூடல்

பதில்: அழுத்தினால் பீடி எரியாது. நிப்பாணி, குஜராத் பகுதிகளிலிருந்து வரும் பீடிப் புகையிலையை வெயிலில் உலர்த்தி நொறுக்கிச் சலித்து அனுப்புகிறார்கள். தாங்கள் சுற்றும் பீடி இலை காகிதம் போலக் காற்றை உள்ளே விடுவதில்லை. அடிக்கடி இழுக்காவிட்டால் அணைந்துவிடும். அதற்குள் காய்ந்து உதிரியாக இருக்கும் தூள்தான் கனல் பிடிக்கும். அழுத்திய தகடோ ஈரம் மிகுந்தது, நெருக்கமானது, மெல்லக் கனல்வது. பைப்பின் அகன்ற குழியில் அது நிறைகுணம். பீடியின் குறுகிய சுருளில் அதுவே குறையாகிவிடும்.