முத்திரை கறை அல்ல

அன்புள்ள ஐயா,

நியூஜெர்சியில் ஒரு வீட்டுப் பொருள் விற்பனையில் பறவை ஓவியர் ஆடுபனின் 'பேர்ட்ஸ் ஆஃப் அமெரிக்கா' சிறு பதிப்பில் ஒரு தொகுதி கிடைத்தது. அட்டையின் உட்புறம் யாரோ ஒருவரின் பெயர்ச்சீட்டு, தலைப்புப் பக்கத்தில் நூலக முத்திரை. சீட்டை உரித்துவிட்டு, இந்த முத்திரைக் கறையை பிளீச் போட்டு எடுக்கலாமா? என்ன விலைக்குப் போகும்?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்த பிளீச் பாட்டிலை மூடுங்கள். முத்திரை மை பெரும்பாலும் எண்ணெய் கலந்தது, அசையாது. தாளின் நார்தான் இற்றுப்போகும். ஈரம் பரவிய எல்லையில் பழுப்பு வளையம் விழும்.

விலை கிடக்கட்டும். பத்து மடங்கு பெருக்கும் லென்ஸில் பாருங்கள். சீரான புள்ளிவரிசை தெரிந்தால் அது பிற்கால மறுபதிப்பு. பறவைக்குப் பின்னால் சாயம் பூசிய பின்னணி இருந்தால் 1856-இலோ அதற்குப் பிறகோ வந்த அச்சு.

'கறை' என்று எழுதினீர்களே, அதற்குத்தான் கோபம். 1840 முதல் 1844 வரை இந்தப் பதிப்பு ஐந்து ஐந்து படங்களாக 100 பகுதிகளில் வந்தது, பகுதி ஒரு டாலர். பைண்டிங் சந்தாதாரர் பொறுப்பு. ஆகவே அட்டையும் உடைமை வரலாறுதான். சந்தாதாரர் பட்டியலையும் அச்சிட்டார்கள். உங்கள் தொகுதியில் அது இருந்தால் சீட்டிலுள்ள பெயரை அதில் தேடுங்கள். அகப்பட்டால் முதல் சொந்தக்காரர் வீட்டிலிருந்து கிளம்பிய புத்தகமாக இருக்கலாம். இதையா உரிக்கப் பார்த்தீர்கள்? ஆவி காட்டி உரித்தாலும் நீள்சதுரத் தடம் மிஞ்சும். வாங்க வருபவர் முதலில் விரல் வைப்பது அங்கேதான்.

முத்திரை விஷயம் இன்னும் கடுமை. நூலகப் புத்தகம் விற்பனைக்கு வந்தால் 'நீக்கப்பட்டது' என்ற குறி இருக்க வேண்டும். அதுவும் போதாது. பிட்ஸ்பர்க் கார்னகி நூலகத்தில் 2017-இல் தெரியவந்த திருட்டில், 300-க்கும் மேற்பட்ட அரிய நூல்களும் வரைபடங்களும் படங்களும் போயிருந்தன. திருட்டுப் புத்தகங்களில் அந்த நீக்கல் முத்திரையைக் குத்தியவரே ஒரு பழைய புத்தக வியாபாரி.

ஆகவே முத்திரையையும், தலைப்புப் பக்கத்தின் பின்புறம் மையில் எழுதிய வரிசை எண் இருந்தால் அதையும் படமெடுத்து அந்த நூலகத்துக்கே அனுப்பிக் கேளுங்கள். தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். சுரண்டிய இடம் மெலிந்து தெரியும். 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச் அடித்தால், மங்கிப்போன, இரும்பு உப்பு கலந்த பழைய மை கருமையாக எழுந்து வரும்.

நூலகத்தின் பதில் எழுத்தில் வரட்டும், புத்தகத்தில் ஒட்டாமல் தனி உறையில் வையுங்கள். விலையை அப்புறம் பேசுவோம்.