அசைன்மென்ட்டும் ஒரு சிவப்பு டிக்கும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வேலூர் அருகே ஒரு கலைக்கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். நான்கு வகுப்புகள், வகுப்புக்கு அறுபது பேர். அக மதிப்பீட்டுக்காகப் பருவத்துக்கு இரண்டு அசைன்மென்ட் வாங்க வேண்டும். பெரும்பாலும் பக்கங்களைப் புரட்டி டிக் போட்டுவிடுகிறேன். ஐந்து பேர் கொண்ட குழுக்களாக எழுதச் சொல்லலாமா? தட்டச்சு செய்து வாங்கலாமா?

ச., காட்பாடி

அன்புள்ள ச.,

480 தாள்கள், தாளுக்குப் பத்து நிமிடம் என்றாலும் 80 மணி நேரம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைப்படி, உதவிப் பேராசிரியரின் வாராந்தர 40 மணி நேரத்தில் 16 மணி நேரம் வகுப்புக்குரியது. மீதி 24 மணி நேரத்தில் வேறெதையும் தொடாமல் தாள் மட்டுமே திருத்தினாலும் மூன்று வாரங்களுக்கு மேல் ஆகும். ஆகவே உங்கள் களைப்பு சோம்பல் அல்ல.

தட்டச்சா கையெழுத்தா என்பது ஒரு பொருட்டல்ல. குழுவில் ஒருவர் எழுத நால்வர் பெயர் போட்டுக்கொள்வார்கள், உங்களுக்கே தெரியும். போகிறபோக்கில் ஒரு டிக்கைச் சொல்லியிருக்கிறீர்களே, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

வட ஆர்க்காடு ஒரே மாவட்டமாக இருந்த காலத்தில், இங்கே ஒரு கல்லூரியில் பாலாற்றைப் பற்றி ஓர் அசைன்மென்ட் எழுதினேன். ஆரணியிலிருந்து வந்த மூத்த மாணவர் ஒருவரின் நோட்டைப் பார்த்து எழுதியது. பாலாறு ஏலகிரியில் உற்பத்தியாகிறது என்று அவர் எழுதியிருந்ததை அப்படியே எழுதினேன். அவருக்கும் டிக், எனக்கும் டிக், இருவருக்கும் பத்துக்கு எட்டு. சிவப்பு மை பட்டதை மெய்யென்று நம்புகிற வயது அது. பல ஆண்டுகள் கழித்து வாணியம்பாடியில் ஒரு கூட்டத்தில் அதையே முழங்கினேன். தோல் பதனிடும் தொழிலாளியான ஒரு பெரியவர் எழுந்து, "தம்பி, அது கர்நாடகத்து நந்தி மலையிலிருந்து வருது" என்றார். யாரும் சிரிக்கவில்லை, அதுதான் இன்றும் சுடுகிறது. காப்பியடித்தது என் குற்றம். ஆனால் என் ஆசிரியர் அந்த ஒரு வரியைப் படித்திருந்தால், அவருடைய அறையிலேயே முடிந்திருக்க வேண்டிய வெட்கம் அது.

படிக்க முடியாததை வாங்காதீர்கள். பருவத்துக்கு ஒன்று போதும், அதுவும் இரண்டு பக்கத்துக்கு மிகாமல். படித்து, ஒரே ஒரு பிழையையாவது வட்டமிட்டு, ஒரு வரி எழுதி, மாணவர் மறப்பதற்குள் திருப்பிக் கொடுங்கள். இரண்டாவது கட்டாயம் என்றால், வகுப்பிலேயே ஐந்து வரி எழுத வைத்து வாங்குங்கள். விதி இடம் தராது என்று முன்கூட்டியே அஞ்ச வேண்டாம்; இந்த 80 மணி நேரக் கணக்கை எழுதித் துறைத்தலைவரிடம் கொடுங்கள். அவரும் அதைப் படிக்காமல் டிக் போட்டுத் திருப்பினால், எனக்கு மறுபடி எழுதுங்கள்.