கன்னியாகுமரி போகும்போது நாகர்கோவிலுக்கென்று ஒரு நாள் ஒதுக்கலாமா?

கணவன் மனைவி இருவர், மூன்று நாள் விடுமுறை, பழைய ஊர்கள் பிடிக்கும், ஓட்டமும் அவசரமும் வேண்டாம் என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள்.

ஒதுக்குங்கள். முதல் நாளையே ஒதுக்குங்கள். கடலை இரண்டாம் நாள் பார்த்துக்கொள்ளலாம்.

நாங்கள் ஈரோட்டுப் பக்கம். கல்யாணமான புதிதில், 2015இல், ஒரு வேன் ஏற்பாட்டில் கன்னியாகுமரி வந்தோம். ஒரே நாளில் ஒன்பது இடம் என்று பட்டியல் போட்டுக் கொடுத்திருந்தார்கள். பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போய்ச் சேர்ந்தது ஒரு திங்கட்கிழமை. திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை என்பதை ஏற்பாடு செய்தவர் சொல்லவே இல்லை. என் மாமனார் தச்சர். அவர் கணவரிடம், "வேறெதைப் பார்க்காட்டியும் அந்த மர வேலையைப் பார்த்துட்டு வா" என்று சொல்லி அனுப்பியிருந்தார். பூட்டிய வாசலில் இவர் நின்ற நிற்பை நான் மறக்கவில்லை. சென்ற ஆண்டு மறுபடி போனோம். இந்த முறை வேன் இல்லை, பட்டியல் இல்லை.

ஈரோட்டில் இரவு ரயில் ஏறினால் விடிவதற்குள் நாகர்கோவில். அறையில் பையை வைத்துக் குளித்துவிட்டு நேரே நாகராஜா கோவிலுக்குப் போனோம். ஊருக்குப் பெயர் தந்த கோவில் அது. கருவறைக்கு இன்றும் ஓலைக் கூரைதான். ஆண்டுதோறும் புதிதாக வேய்கிறார்கள். பிரசாதமாகக் கருவறை மண்ணையே தருகிறார்கள். ஆறு மாதம் கறுப்பாகவும் ஆறு மாதம் வெளுப்பாகவும் இருக்கும் என்பது இங்கத்து நம்பிக்கை. எனக்குக் கிடைத்தது ஈரமான கறுப்பு மண். காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தேன். மண்டபத் தூண்களை நிதானமாகப் பாருங்கள். மகாவீரரும் பார்சுவநாதரும் அங்கே செதுக்கப்பட்டிருக்கிறார்கள். பாம்புச் சிலைகளுக்கு மஞ்சளும் பாலும் ஊற்றிக்கொண்டிருக்கும் பெண்களுக்குச் சில அடி தள்ளி, சமண தீர்த்தங்கரர்கள். இந்த ஊரைப் புரிந்துகொள்ள எனக்கு அந்தத் தூண்கள்தான் முதல் பாடம்.

அங்கிருந்து மணிமேடைக்கு நடக்கிற தூரம்தான். திருவிதாங்கூர் மன்னர் ஸ்ரீமூலம் திருநாள் காலத்தில், 1893இல் திறக்கப்பட்ட மணிக்கூண்டு. பக்கத்தில் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் சிலை, அவர் இதே ஊரின் ஒழுகினசேரிக்காரர். காலைப் பலகாரத்தை அந்தப் பக்கமே முடித்துவிட்டு பஸ் ஏறிவிடுங்கள், ஏனென்றால் அரண்மனை ஒன்பது மணிக்குத் திறக்கும்.

தக்கலை சுமார் 15 கிலோமீட்டர். நகரப் பேருந்தில் எனக்கு டிக்கெட் கிடையாது, அவருக்கு மட்டும்தான். தக்கலையிலிருந்து அரண்மனைக்கு ஆட்டோவில் போனோம்.

பத்மநாபபுரத்தைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். 1956 நவம்பர் 1 அன்று இந்த மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தபோதும், அரண்மனை கேரள அரசின் பொறுப்பிலேயே இருந்துவிட்டது. அதனால் போகும் நாளில் கேரளத்தில் ஏதாவது விடுமுறை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். திங்கள் எப்படியும் கிடையாது. மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை மூடுவார்கள். செருப்பைக் கழற்றி வெறுங்காலோடுதான் உள்ளே போகவேண்டும். போன பிறகு அதுவே எனக்குப் பிடித்துப்போயிற்று. தரையின் குளிர்ச்சியைக் கால்தான் சொல்லும். அந்தக் கறுத்த தரையைச் சுண்ணாம்பு, சிரட்டைக் கரி, முட்டை வெள்ளைக்கரு, செடிச்சாறு எல்லாம் சேர்த்துப் போட்டதாகச் சொல்கிறார்கள். முகம் பார்க்கலாம் போல மினுங்குகிறது.

நுழைந்ததும் பூமுகம், அதாவது முகப்பு மண்டபம். இவர் அங்கேயே அண்ணாந்து நின்றுவிட்டார். மேற்கூரையில் 90 வகைப் பூக்கள் மரத்தில் செதுக்கியிருக்கின்றன. நான் பன்னிரண்டு வரை எண்ணினேன். இவர் எண்ணவில்லை, ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மேலே மன்னர் ஆலோசனை நடத்திய மந்திரசாலை, இரண்டு தளத்திலும் சேர்த்து இரண்டாயிரம் பேர் உண்ணக்கூடிய ஊட்டுப்புரை, ஆள் உயரம் எட்டப்பார்க்கும் ஊறுகாய்ப் பரணிகள், அதாவது ஜாடிகள். எல்லாவற்றையும் விட எங்களை நிறுத்தி வைத்தது தாய்க்கொட்டாரம். வளாகத்திலேயே மிகப் பழைய பகுதி அது. அங்கே ஒற்றைப் பலாமரத்தில் கடைந்த ஒரு தூண் இருக்கிறது. அடியிலிருந்து நுனிவரை பூவும் கொடியும். கை வைக்கக் கூடாது என்பதால் இவர் ஒரு சாண் தள்ளிக் கையை வைத்துக்கொண்டு, காற்றிலேயே அந்த வளைவைத் தடவிப் பார்த்தார். "உளி எந்தப் பக்கமிருந்து போயிருக்குன்னு தெரியுது பாரு" என்றார். எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவர் காட்டிய பிறகு மற்ற தூண்களில் நானும் தேடினேன். நவராத்திரி மண்டபத்தோடு சேர்த்து முழுதாக மூன்று மணி நேரம் ஆயிற்று. அதற்குக் குறைவாக ஒதுக்காதீர்கள்.

சாப்பாடு தக்கலையில். சம்பா அரிசிச் சோறு, மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளிதான்), தேங்காய் அரைத்த மீன்கறி. கிழங்கின் மேல் அந்தக் கறியை ஊற்றித்தான் சாப்பிடவேண்டும், தனித்தனியாக அல்ல. பஸ் போய்விடுமோ என்று நான் அவசரப்பட்டதைப் பார்த்துப் பரிமாறிய அம்மா, "பைய தின்னு மக்ளே, பஸ்ஸு நெறைய உண்டு" என்றார். எங்கள் ஊரில் 'கண்ணு' என்பது போல இங்கே 'மக்ளே'. தமிழில் ஞானப் பாடல்கள் பாடிய பீர்முகமது அப்பாவின் தர்கா தக்கலையில்தான் இருக்கிறது. பத்து நிமிடம் அங்கே உட்கார்ந்தோம்.

இனி நான் சொல்லப்போகும் வரிசையைத் தயவுசெய்து மாற்றாதீர்கள். அரண்மனை, அடுத்து உதயகிரிக் கோட்டை, அதற்கடுத்து கோட்டாறு சவேரியார் கோவில். தனித்தனியாகப் பார்த்தால் மூன்று சுற்றுலா இடங்கள். இந்த வரிசையில் போனால் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு மூன்று மனிதர்கள் வருவார்கள்.

முதலாமவர் மார்த்தாண்ட வர்மா. பத்மநாபபுரம் அவர் காலத்துத் தலைநகர். அரண்மனையை விரித்துக் கட்டியவரும் அவரே. 1741இல் குளச்சல் போரில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்தார். அந்தப் போரை ஒட்டிச் சிறைப்பட்டவர்களில் ஒருவர் டிலனாய். மன்னர் அவரையே தன் படைக்குப் பயிற்சி தரவைத்தார். பிடிபட்டு வந்த அந்த மனிதர் 'வலிய கப்பித்தான்', அதாவது பெரிய தளபதி, ஆகி, 1777இல் இறக்கும்வரை இந்த மண்ணிலேயே இருந்தார். தக்கலையிலிருந்து நாகர்கோவில் திரும்பும் வழியில், புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை. மரங்கள் அடர்ந்த உள்பகுதியில், கூரை போன ஒரு சிறு தேவாலயச் சுவர்களுக்குள் அவர் கல்லறை. லத்தீனிலும் தமிழிலும் எழுத்து. மனைவியும் மகனும் அருகிலேயே. நாங்கள் போனபோது வேறு யாரும் இல்லை. கடல் கடந்து வந்தவர் மனைவியோடு இங்கேயே தங்கிவிட்டாரே என்று இருவரும் கொஞ்ச நேரம் அந்தத் தமிழ் எழுத்துக்களைக் கூட்டிப் படிக்க முயன்றுகொண்டிருந்தோம்.

டிலனாயின் நண்பர் அரண்மனை அலுவலர் நீலகண்ட பிள்ளை, நட்டாலத்துக்காரர். ஆடுமாடும் சொத்தும் போய் மனம் ஒடிந்திருந்தவருக்கு எல்லாம் இழந்தும் நம்பிக்கையை விடாத விவிலியத்து யோபுவின் கதையை டிலனாய் சொன்னார் என்பது இங்கே வழிவழியாகச் சொல்லப்படுவது. 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று அவர் தேவசகாயம் ஆனார். மனைவி பார்கவி அம்மாள் ஞானப்பூ ஆனார். பிறகு சிறை, சித்திரவதை. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். உடலைக் கொண்டுவந்து அடக்கம் செய்தது கோட்டாறு சவேரியார் கோவிலில். 2022 மே 15 அன்று புனிதர் பட்டம் பெற்றார். குருவோ துறவியோ அல்லாத பொதுநிலையினரில் இந்தியாவின் முதல் புனிதர் இவர்தான்.

காலையில் அவர் வேலை பார்த்த அரண்மனை, மத்தியானம் அவர் நண்பரின் கல்லறை, சாயங்காலம் அவருடைய கல்லறை. மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தவர்களோடு நானும் ஒன்று ஏற்றினேன். நான் முருக பக்தை. அங்கே அது எனக்கு வித்தியாசமாகத் தோன்றவில்லை.

வெளியே வந்தால் கோட்டாறு கம்போளம். கம்போளம் என்றால் கடைத்தெரு. சுக்கு, மிளகு, கருப்பட்டி வாசம் ஒன்றோடொன்று கலந்து வரும், சுமை வண்டிகள் வழி கேட்டுக்கொண்டே இருக்கும். இங்கே அவசியம் வாங்கவேண்டியது மட்டிப்பழம். விரலளவுதான், வாசம் தூக்கும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பழம். கூடவே எண்ணெயிலிருந்து அள்ளிப் போட்ட நேந்திரங்காய் சிப்ஸ். கோயில் நகை வேலைக்குப் பெயர்போன வடசேரிக்கு எங்களால் போகமுடியவில்லை, இருட்டிவிட்டது. உங்களுக்கு நேரம் இருந்தால் போங்கள்.

கன்னியாகுமரி பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது இவர் தன் அப்பாவுக்கு, என் தச்சர் மாமனாருக்கு, போன் போட்டார். "தூண் என்ன மரம்?" என்பதுதான் முதல் கேள்வி. பலா என்றதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு நான் போனை வாங்கி, அடுத்த தடவை நீங்களும் வாங்க மாமா, ஆனா உள்ளே படியெல்லாம் குறுகலா, செங்குத்தா இருக்கு, உங்க முழங்காலுக்கு ஆகுமான்னுதான் யோசனையா இருக்கு என்றேன்.

"மரப்படி தானே கண்ணு, ஏறிப்போடலாம்" என்றார்.