ரத்தம் பட்ட துணியும் கரையும் பையும்: கேள்வி பதில்

மருத்துவமனை சலவைக்கூடத்தில் 18 ஆண்டுகள் மேற்பார்வை பார்த்தவன் என்பதால் ரத்தமும் மலமும் பட்ட துணியைத் தண்ணீரில் கரையும் பையில் கட்டித் துவைப்பது பற்றிப் பலரும் என்னிடம் கேட்கிறீர்கள். வந்த கேள்விகளுக்கு ஒன்றொன்றாகப் பதில் சொல்கிறேன்.

தண்ணீரில் கரையும் பை எதற்கு? சாதாரண பிளாஸ்டிக் பை போதாதா? (வார்டு செவிலியர்)

போதாது, சகோதரி. பிளாஸ்டிக் பை என்றால் சலவைக்கூடத்தில் ஒருவர் அதைப் பிரித்துக் கொட்ட வேண்டும். ஆபத்து அந்த இடத்தில்தான். எங்கள் கூடத்தில் ஒரு அம்மா, ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வந்த விரிப்பை உதறினார். மடிப்புக்குள் கிடந்த ஊசி உள்ளங்கையில் ஏறிவிட்டது. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவச் சொன்னோம். பிதுக்க விடவில்லை. உடனே கேஷுவாலிட்டிக்கு அழைத்துப் போனோம். எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி காய்ந்த ரத்தத்தில்கூடக் குறைந்தது ஏழு நாள் உயிரோடிருக்கும். அதனால் துணி தொடும் ஒவ்வொருவருக்கும் அந்தத் தடுப்பூசி மூன்று தவணையும் போட்டிருக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுத்ததே இல்லை.

கரையும் பையை வார்டிலேயே கட்டி, அப்படியே மெஷினுக்குள் போட்டுவிடலாம். நடுவில் யாரும் திறக்க வேண்டியதில்லை. ஆனால் பை ஊசியைத் தடுக்காது. கட்டுவதற்கு முன் விரிப்பில் ஊசி, கத்தரிக்கோல் கிடக்கிறதா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

ஈரத்துணியைப் போட்டால் பை வண்டியிலேயே இளகிவிடுகிறதே? (சலவை ஒப்பந்ததாரர்)

நீங்கள் வாங்கியது குளிர்ந்த நீரில் கரையும் வகையாக இருக்கும், அண்ணா. பை பிவிஏ (பாலிவினைல் ஆல்கஹால்) என்ற பொருளால் ஆனது. தயாரிக்கும் விதத்தைப் பொறுத்து ஒன்று பச்சைத் தண்ணீரிலேயே கரையும், இன்னொன்றுக்குச் சுடுநீர் வேண்டும். தையலும் கட்டும் நாடாவும் மட்டும் கரைகிற பைகளும் உண்டு. சொட்டச் சொட்ட நனைந்த துணிக்குச் சுடுநீர் வகைதான் சரி. ஈரப் பகுதி உள்ளே போகும்படி சுருட்டி, மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் திணிக்காமல் கட்டி, மேலே ஒரு கசியாத பையும் போடுங்கள்.

அப்புறம், புதுப் பைகளை எங்கே வைக்கிறீர்கள்? மழைக்காலக் காற்றின் ஈரமே அவற்றை ஒன்றோடொன்று ஒட்ட வைத்துவிடும். ஈரக் க்ளவுஸோடு உருவினால் விரல் பட்ட இடம் ஓட்டையாகிவிடும்.

சுடுநீரில் கரையும் பை போட்டதிலிருந்து ரத்தக்கறை போகவே மாட்டேன் என்கிறது. (அதே ஒப்பந்ததாரர்)

போகாது. முட்டை வெந்தால் இறுகுகிற மாதிரி, ரத்தத்தின் புரதமும் சூட்டில் இறுகித் துணியோடு பிடித்துக்கொள்ளும். கறை அதிகம் வருகிற துணிக்குக் குளிர்ந்த நீரிலேயே தையல் கரையும் பையை எடுங்கள். முதல் அலசல் குளிர்ந்த நீரில், அதன் பிறகு சூடு. கிருமி சாக, சூட்டுக்கும் கணக்கு உண்டு: பிரிட்டன் விதிப்படி 65 டிகிரியில் 10 நிமிடம், அல்லது 71 டிகிரியில் 3 நிமிடம். துணி முழுக்கச் சூடு பரவும் நேரத்தை இதோடு கூட்டிக்கொள்ள வேண்டும். அமெரிக்கர்கள் 71 டிகிரியில் 25 நிமிடம் என்கிறார்கள்.

வார்டிலேயே பக்கெட்டில் ஹைப்போ (குளோரின் கிருமிநாசினி) ஊற்றி ஊறவைத்தால்? (ஒரு கிளினிக் ஊழியர்)

எனக்கு அதில் உடன்பாடில்லை. ரத்தமும் மலமும் சேர்ந்தால் குளோரினின் வேகம் குறைந்துவிடும். பிழியும்போது தெறிப்பது ஆயாம்மாவின் கண்ணில்.

கரைந்த பை எங்கே போகிறது? (மாணவர்)

கரைவது வேறு, மக்குவது வேறு, தம்பி. அது கழிவுநீரோடு போகும். அதைச் சிதைக்கப் பழகிய நுண்ணுயிர்கள் உள்ள சுத்திகரிப்பு நிலையத்தில் சிதையும், கண்ட சாக்கடையில் அப்படி நடக்காது. அதனால் எல்லாத் துணிக்கும் போடாமல், தேவையானதற்கு மட்டும் போடுங்கள்.

அம்மா படுத்த படுக்கை, வயிற்றுப்போக்கு வேறு. வீட்டுக்கும் இந்தப் பை வேண்டுமா?

வேண்டாம், சகோதரி. க்ளவுஸ் போட்டுக்கொண்டு, மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிடுங்கள். துணியை உதறாமல், இடுப்பில் அணைக்காமல் பக்கெட்டில் எடுத்துப்போய்த் தனியாகத் துவையுங்கள். துணி தாங்கும் அளவுக்குச் சூடான தண்ணீர், பிறகு நல்ல வெயில். படுக்கையில் ரெக்சின் விரித்து, அதன்மேல் பழைய பருத்திப் புடவையை நாலாக மடித்துப் போடுங்கள். அம்மாவுக்கு வேர்க்காது, நனைந்தால் அதை மட்டும் உருவி எடுத்துவிடலாம்.